பழைய துப்பாக்கியும் காரீயக் குண்டும்

பள்ளிச் சோதனைச்சாலையில் திருகு அளவியைக் கையாண்டிருப்பீர்கள். ஒரு கம்பியின் விட்டத்தை 0.01 மி.மீ. வரை நுட்பமாக அளந்து, அட்டவணை போட்டு, ஆசிரியரிடம் கையொப்பமும் வாங்கியிருப்பீர்கள். "ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு! இத்தனை நுட்பம் யாருக்குத் தேவைப்படப் போகிறது?" என்று அப்போது எண்ணியிருக்கவும் கூடும்.

அது தேவைப்படுகிறவர்களில் ஒரு சாராரைப் பற்றி இங்கே பார்ப்போம். இவர்கள் அமெரிக்கா, கனடா போன்ற நாடுகளில், அரசின் சட்டத்துக்கு உட்பட்டுப் பழைய ராணுவத் துப்பாக்கிகளால் இலக்கு நோக்கிச் சுட்டுப் பழகும் பொழுதுபோக்காளர்கள். தங்களுக்கு வேண்டிய காரீயக் குண்டுகளைத் தாங்களே உருக்கி வார்த்துக்கொள்கிறார்கள். இவர்கள் வேலையைக் கூர்ந்து கவனித்தால், உங்கள் பாடப்புத்தகத்தின் பல அதிகாரங்கள் ஒரே இடத்தில் கூடி நிற்பதைக் காணலாம்.

போருக்குப் பின் மிஞ்சியவை

இரண்டாம் உலகப் போர் 1945இல் முடிந்தபோது, நாடுகளின் ஆயுதக் கிடங்குகளில் லட்சக்கணக்கான துப்பாக்கிகள் மிஞ்சி நின்றன. பிரிட்டனின் லீ-என்ஃபீல்டு, ரஷ்யாவின் மோசின்-நாகாந்த், ஜெர்மனியின் மௌசர் ஆகியவை அவற்றுள் பேர்பெற்றவை. தானியங்கித் துப்பாக்கிகள் வந்ததும் இவை ராணுவத்துக்கு வேண்டாதவை ஆயின. பல நாடுகளில் பொதுமக்களுக்கு மலிவு விலையில் விற்கப்பட்டன.

இவற்றுள் லீ-என்ஃபீல்டு நமக்கும் பழக்கமானதே. 1895இல் பிரிட்டிஷ் படையில் சேர்ந்த இந்தத் துப்பாக்கி, வங்காளத்தின் இச்சாப்பூர் தொழிற்சாலையிலும் செய்யப்பட்டது. நம் நாட்டுக் காவலர்களின் தோளிலும் பல்லாண்டுகள் தொங்கியது. இந்தக் கட்டுரையில் இதையே எடுத்துக்காட்டாகக் கொள்வோம்.

ஒரு தோட்டாவில் நான்கு உறுப்புகள் உண்டு: பித்தளைக் கூடு, அதன் அடியில் பொறி எழுப்பும் பிரைமர், உள்ளே வெடிமருந்து, வாயில் செருகிய குண்டு. சுட்ட பிறகு மருந்து எரிந்து போகிறது. குண்டு பறந்து போகிறது. பித்தளைக் கூடு மட்டும் கையில் தங்குகிறது. பித்தளைக்கு மீள்தன்மை உண்டு. அழுத்தத்தால் விரிந்து குழலின் சுவரோடு ஒட்டி வாயுவைக் கசியவிடாமல் அடைக்கிறது. அழுத்தம் நீங்கியதும் சற்றே சுருங்கி எளிதில் வெளியே வருகிறது. ஆகவே அதே கூட்டைப் பலமுறை பயன்படுத்தலாம். மற்ற மூன்றையும் புதிதாக இட்டால் போதும். அந்த மூன்றில் கையாலேயே செய்யக்கூடியது குண்டு ஒன்றுதான்.

ஏன் காரீயம்?

முதலில் ஒரு பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். பாத்திரங்களுக்குப் பூசும் "ஈயம்" வெள்ளீயம். ரசம் வைக்கும் ஈயச்சொம்பும் வெள்ளீயத்தால் செய்யப்பட வேண்டியதே. நாம் இங்கே பேசுவது காரீயம். இது வேறு தனிமம். நச்சுத் தன்மை உள்ளது. இதைப் பற்றிப் பிறகு சொல்கிறோம்.

காரீயத்தின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு 11.3 கிராம். இரும்பின் அடர்த்தி 7.9 கிராம்தான். ஒரே பருமனுள்ள இரு குண்டுகளில் நிறை மிகுந்தது காற்றின் தடையை மீறித் தன் வேகத்தை நெடுந்தூரம் காத்துக்கொள்ளும். இது நியூட்டனின் இரண்டாம் விதி நமக்குச் சொல்லும் பாடம். மேலும் காரீயம் 327 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும். சாதாரண அடுப்பே போதும். நகத்தால் கீறினாலும் கோடு விழும் அளவுக்கு மென்மையானது.

இந்த மென்மைதான் நம் கதையின் மையம். குண்டுக்கு முதலில் உதவியதும் அதுவே. பிறகு தொல்லை தந்ததும் அதுவே.

புரிகளும் சுழற்சியும்

பம்பரம் சுழலும்போது நிமிர்ந்து நிற்கிறது. சுழற்சி நின்றால் சாய்கிறது. நீண்ட குண்டும் அப்படித்தான். சுழலாமல் பறந்தால் தலைகுப்புறப் புரண்டு எங்கோ போய் விழும். அதற்காகத்தான் துப்பாக்கிக் குழலின் உட்சுவரில் திருகாணியின் மரைபோல் புரிகள் வெட்டப்பட்டிருக்கின்றன. லீ-என்ஃபீல்டின் குழலில் பொதுவாக ஐந்து புரிகள் உண்டு. ஒவ்வொன்றும் 25.4 செ.மீ. நீளத்தில் ஒரு முழுச் சுற்றுச் சுற்றுகிறது.

இந்தத் துப்பாக்கியின் ராணுவக் குண்டு வினாடிக்கு 744 மீட்டர் வேகத்தில் வெளியேறியது. ஒவ்வொரு 0.254 மீட்டருக்கும் ஒரு சுற்று என்றால், வினாடிக்கு எத்தனை சுற்று? 744ஐ 0.254ஆல் வகுத்துப் பாருங்கள். ஏறக்குறைய 2,930 வரும். அதாவது நிமிடத்துக்கு 1,75,000 சுற்றுகள்! உங்கள் வீட்டு மின்விசிறி நிமிடத்துக்கு ஏறத்தாழ 350 முறை சுற்றுகிறது. அதைப்போல் 500 மடங்கு.

குண்டு சுழல வேண்டுமானால் அது புரிகளைக் கவ்விப் பிடிக்க வேண்டும். குழலைவிடச் சற்றுப் பருத்த மென்மையான குண்டு புரிக்குள் பிதுங்கி அதை நிறைத்துவிடும். ஆனால் அந்தக் காலத்தில் குண்டைக் குழலின் முன்வாய் வழியாகத்தான் இட வேண்டும். பருத்த குண்டைச் சம்மட்டியால் தட்டித் தட்டி இறக்குவதற்குள் எதிரி அருகில் வந்துவிடுவான்!

1849இல் பிரெஞ்சு அதிகாரி குளோட்-எத்தியென் மினியே இதற்கு வழி கண்டார். அவருடைய குண்டு குழலைவிடச் சற்றுச் சிறியது; எளிதில் உள்ளே வழுக்கி இறங்கும். அதன் அடிப்பகுதி குழிவானது. மருந்து எரிந்து வாயு பெருகும்போது, மென்மையான காரீய அடிப்பகுதி விரிந்து புரிகளில் பதியும். காரீயத்தின் மென்மையே இங்கு வேலை செய்தது.

இந்த முறையில் அமைந்த 1853ஆம் ஆண்டு என்ஃபீல்டு துப்பாக்கி இந்தியாவுக்கும் வந்தது. மருந்தும் குண்டும் ஒரு காகிதச் சுருளில் இருக்கும். சிப்பாய் அதைப் பல்லால் கடித்துப் பிரிக்க வேண்டும். காரீயம் குழலில் ஒட்டாமலிருக்க மசகு தேவை அல்லவா? அதற்காகக் காகிதத்தில் கொழுப்பு தடவப்பட்டிருந்தது. அது பசுவின் கொழுப்பு, பன்றியின் கொழுப்பு என்ற செய்தி பரவியது. 1857இல் மீரட்டில் மூண்ட பெரும் கிளர்ச்சிக்கு அந்தச் செய்தியும் ஒரு காரணமாயிற்று. ஒரு மசகுப் பொருள் வரலாற்றில் இடம்பெற்றது இப்படித்தான்.

மென்மை தொல்லையான கதை

1884இல் பால் வியேல் என்ற பிரெஞ்சு வேதியியலர் புகையில்லா வெடிமருந்தைக் கண்டுபிடித்தார். அதனால் குண்டின் வேகம் வினாடிக்கு 600 மீட்டருக்கு மேல் உயர்ந்தது. இந்த வேகத்தில் மென்காரீயம் புரிகளைப் பின்பற்றித் திரும்ப முடியவில்லை. புரியின் விளிம்பில் சீவப்பட்டுக் குழலெங்கும் அப்பிக்கொண்டது.

இதற்கு மாற்று முன்பே தயாராக இருந்தது. சுவிட்சர்லாந்தின் எட்வர்டு ரூபின் 1882இலேயே காரீயத்துக்குச் செம்பு உறை போட்ட குண்டை உருவாக்கியிருந்தார். உள்ளே எடை, வெளியே உறுதி. விரைவில் எல்லா நாட்டுப் படைகளும் உறையிட்ட குண்டுக்கு மாறின.

புதிய மருந்து குழலையும் விட்டுவைக்கவில்லை. லீ-என்ஃபீல்டுக்கு முந்திய லீ-மெட்ஃபோர்டு துப்பாக்கியில் புரிகள் ஆழம் குறைந்தவை. கார்டைட் என்ற புகையில்லா மருந்தின் கடும் வெப்பம் அவற்றை விரைவில் அரித்துத் தேய்த்துவிட்டது. ஆழமான புரிகளுடன் லீ-என்ஃபீல்டு பிறந்ததற்கு அதுவே காரணம்.

அப்படியானால் இன்றைய பொழுதுபோக்காளர்கள் ஏன் மீண்டும் வெறும் காரீயத்துக்குத் திரும்புகிறார்கள்? பழைய துப்பாக்கிகளுக்கான தோட்டா கிடைப்பது அரிது; விலையும் அதிகம். வார்த்த குண்டைக் குறைந்த வேகத்தில் செலுத்தினால் முதிர்ந்த குழலின் தேய்மானம் குறையும்; தோளில் இடிக்கும் உதையும் குறையும். இலக்குப் பலகையில் துளை விழ அந்த வேகமே போதும்.

அச்சுக்கூடத்து உலோகம்

வேகத்தைக் குறைத்தாலும் தூய காரீயம் போதாது. அதை உலோகக்கலவை ஆக்க வேண்டும். ஆண்டிமனியைச் சேர்த்தால் கடினம் கூடும். வெள்ளீயத்தைச் சேர்த்தால் உருகிய கலவையின் பரப்பு இழுவிசை குறையும். அச்சின் மூலைமுடுக்குகளிலெல்லாம் புகுந்து நிறையும்.

இந்த மூன்றும் கலந்த கலவை இன்னோரிடத்திலும் இருந்தது. பத்திரிகைகள் ஈய எழுத்துகளைக் கோத்து அச்சிடப்பட்ட காலத்தில், அந்த எழுத்துகளும் இதே கலவைதான்! 1886இல் நியூயார்க்கில் பயனுக்கு வந்த லைனோடைப் இயந்திரத்தின் உலோகத்தில் ஏறத்தாழ 84 பங்கு காரீயம், 12 பங்கு ஆண்டிமனி, 4 பங்கு வெள்ளீயம். மூன்று உலோகங்களும் தனித்தனியே உருகும் வெப்பநிலை வேறு: வெள்ளீயம் 232, காரீயம் 327, ஆண்டிமனி 631 டிகிரி. ஆனால் இந்த விகிதத்தில் கலந்தால் ஏறத்தாழ 240 டிகிரியிலேயே முழுதும் உருகிவிடுகிறது. காரீயத்தோடு வேறொன்று கலந்ததால் உருகுநிலை தாழ்ந்தது. மாசு சேர்ந்தால் உருகுநிலை குறையும் என்று படித்திருக்கிறீர்களே, அதே விதி.

உலோகத்தின் கடினத்தைப் பிரினெல் எண்ணால் குறிப்பார்கள். கடினமான கோளம் ஒன்றைக் குறிப்பிட்ட விசையோடு அழுத்தி, ஏற்படும் பள்ளத்தை அளப்பதே முறை. தூய காரீயத்தின் எண் 5. லைனோடைப் உலோகத்துக்கு 22. ஆஃப்செட் அச்சு வந்து ஈய எழுத்துகள் விடைபெற்றபோது, குண்டு வார்ப்பவர்கள் பழைய அச்சுக்கூடங்களைத் தேடிப் போனதில் வியப்பில்லை.

எல்லாம் பொருத்தத்தில்

கடினமான கலவை கிடைத்துவிட்டது. இனிக் கவலையில்லை என்று நினைக்கிறீர்களா? அனுபவம் வேறுவிதமாகச் சொல்கிறது. கடினமான குண்டும் குழலில் காரீயத்தை அப்பிவிடுவதுண்டு. காரணம் அளவு. குண்டு குழலைவிட இம்மியளவு சிறியதாக இருந்தாலும், இடுக்கின் வழியே சூடான வாயு பீறிட்டு, ஊதுகுழல் சுடர்போல் குண்டின் பக்கத்தை உருக்கி அரித்துவிடும். மினியேயின் குண்டு விரிந்து அடைத்துக்கொண்டது. கடினமான குண்டு விரியாது. ஆகவே தொடக்கத்திலேயே குழலைவிட 0.03 முதல் 0.05 மி.மீ. வரை பருமனாக இருக்க வேண்டும்.

இங்கேதான் பழைய ராணுவத் துப்பாக்கியின் சிக்கல் வருகிறது. போர்க்கால அவசரத்தில் செய்தவை, தேய்ந்தவை என்று குழலுக்குக் குழல் அளவு மாறும். ஒரு லீ-என்ஃபீல்டில் புரிக்குப் புரி விட்டம் 7.9 மி.மீ.; இன்னொன்றில் 8.0 மி.மீ. இருக்கும். கடையில் விற்கும் உறையிட்ட குண்டு ஒரே அளவில்தான் வரும். வார்ப்பவரோ தம் துப்பாக்கிக்கு ஏற்ற அளவில் செய்துகொள்ளலாம்.

குழலின் உள்ளளவை எப்படி அறிவது? மென்காரீயத் துண்டு ஒன்றை வெற்றுக் குழலின் வழியே மெல்லத் தள்ளி எடுப்பார்கள். புரிகளின் முத்திரை அதன்மேல் மேடுகளாகப் பதிந்திருக்கும். பிறகு திருகு அளவியால் அளக்க வேண்டியதுதான்.

ஆனால் இதிலும் ஒரு புதிர்! புரிகள் ஐந்து. ஒற்றைப்படை எண். ஒரு மேட்டுக்கு நேர் எதிரே மேடு இராது, பள்ளம்தான் இருக்கும். தட்டையான இரு முகங்களுள்ள திருகு அளவியால் உண்மையான விட்டத்தை அளக்க முடியாது. அதற்கென்றே ஒரு முகம் "V" வடிவில் அமைந்த அளவி உண்டு. அந்த "V"யின் கோணம் 108 டிகிரி. ஒழுங்கான ஐங்கோணத்தின் உட்கோணம் எவ்வளவு என்று வடிவியல் புத்தகத்தைப் புரட்டிப் பாருங்கள். அதே 108! அடுத்தடுத்த இரு மேடுகள் "V"யின் இரு கரங்களில் தங்க, எதிரேயுள்ள மேடு திருகின் முனையைத் தொடும். ஏன் அப்படி என்பதைப் படம் வரைந்து நீங்களே நிறுவிப் பார்க்கலாம்.

கடுகளவு குமிழ்

வார்க்கும்போது காற்றுக் குமிழ் ஒன்று குண்டுக்குள் சிக்கிக்கொள்வதுண்டு. வெளியே பார்த்தால் தெரியாது. ஒரு கடுகளவு, ஏறத்தாழ 2 மி.மீ. விட்டமுள்ள குமிழ் நடுவச்சிலிருந்து 2.5 மி.மீ. தள்ளி இருப்பதாகக் கொள்வோம். 11 கிராம் குண்டில் அதனால் குறையும் நிறை 0.045 கிராம். குண்டின் ஈர்ப்பு மையம் 0.01 மி.மீ. மட்டுமே விலகும். இதனால் என்ன வந்துவிடப் போகிறது?

கணக்கிடுவோம். வார்த்த குண்டு வினாடிக்கு 500 மீட்டர் வேகத்தில் போகிறது என்றால், அது வினாடிக்கு 1,968 முறை சுழலும். ஈர்ப்பு மையம் 0.01 மி.மீ. ஆரமுள்ள வட்டத்தில் சுற்றுகிறது. வட்டத்தின் சுற்றளவு 0.0628 மி.மீ. அதை 1,968ஆல் பெருக்கினால் வினாடிக்கு ஏறத்தாழ 124 மி.மீ. குழலைவிட்டு வெளிவந்த கணத்தில், கவணிலிருந்து விடுபட்ட கல்போல, குண்டு இந்தப் பக்கவேகத்தோடு விலகும். 100 மீட்டர் போக 0.2 வினாடி ஆகும். அதற்குள் 2.5 செ.மீ. விலகியிருக்கும். போட்டியில் நடுவட்டத்தைத் தவறவிட அது போதும். கடுகு சிறுத்தாலும் காரம் போகாது என்பது இதுதான்!

அதனால்தான் கவனமுள்ளவர்கள் ஒவ்வொரு குண்டையும் தராசில் நிறுத்து, எடை குறைந்தவற்றை மீண்டும் உருக்கும் பாத்திரத்தில் போட்டுவிடுகிறார்கள்.

எச்சரிக்கை

லீ-என்ஃபீல்டின் தோட்டா எரியும்போது குழலின் பின்பகுதியில் எழும் அழுத்தம் காற்றழுத்தத்தைப்போல் 3,000 மடங்குக்கும் மேல். இந்த மருந்துக்கு ஓர் ஆபத்தான குணம் உண்டு. அழுத்தம் கூடினால் எரியும் வேகம் கூடும். எரியும் வேகம் கூடினால் அழுத்தம் மேலும் கூடும். ஆகவே மருந்து இருமடங்கானால் அழுத்தம் இருமடங்கோடு நிற்காது. குறைந்த வேகத் தோட்டாவில் மருந்து கூட்டின் அடியில் சிறிதளவே கிடக்கும். கவனம் தவறி இரண்டாம் முறை கொட்டினாலும் கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே அடங்கிவிடும். அப்படிச் சுட்டுத் துப்பாக்கியே பிளந்து, கையையும் கண்ணையும் இழந்தவர்கள் உண்டு. உருகிய காரீயத்தில் ஒரு சொட்டு நீர் புகுந்தாலும் ஆபத்துதான். நீர் ஆவியாகும்போது 1,600 மடங்குக்கும் மேல் விரிவதால், கொதிக்கும் உலோகம் முகத்தில் சிதறும்.

எனவே இதைச் செய்துபார்க்கும் சோதனையாக எண்ணிவிடாதீர்கள். இந்தியாவில் உரிமம் இன்றித் தோட்டா தயாரிப்பது 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி குற்றம். இதிலுள்ள அறிவியலைக் காகிதத்திலும் திருகு அளவியிலும் கற்றால் போதும்.

பெருங்கழுகின் வயிற்றில்

இறுதியாக, காரீயத்தின் நஞ்சைப் பற்றிச் சொல்கிறோம் என்றோமே, அதைக் கேளுங்கள்.

வட அமெரிக்காவில் கலிபோர்னியா காண்டோர் என்ற பெருங்கழுகு வாழ்கிறது. சிறகை விரித்தால் ஏறத்தாழ 3 மீட்டர். செத்த விலங்குகளைத் தின்று காட்டைத் துப்புரவாக வைக்கும் பறவை. வேட்டைக்காரர்கள் சுட்ட மானின் குடலைக் காட்டில் விட்டுச் செல்வார்கள். குண்டு உடலில் பாயும்போது அதன் காரீயம் நொறுங்கித் துகள்களாகச் சிதறியிருக்கும். இறைச்சியோடு அந்தத் துகள்களையும் கழுகு விழுங்கும். அதன் இரைப்பையிலுள்ள வலிய அமிலத்தில் காரீயம் கரைந்து இரத்தத்தில் சேரும். செரிமான உறுப்புகள் செயலிழந்து, இரை நிறைந்திருந்தும் பறவை பட்டினியால் சாகும்.

1982இல் உலகில் எஞ்சியிருந்த காண்டோர்கள் வெறும் 22. 1987இல் காட்டிலிருந்த கடைசிப் பறவையையும் பிடித்து, மொத்தம் 27 பறவைகளைக் கூண்டில் வளர்த்து இனப்பெருக்கம் செய்வித்தனர். இன்று 500க்கும் மேல் உள்ளன. ஆயினும் காட்டில் விடப்பட்டவை இறப்பதற்கு முதன்மைக் காரணம் இன்னமும் காரீய நஞ்சுதான். கலிபோர்னியா மாநிலம் 2013இல் சட்டம் இயற்றி, 2019 ஜூலை முதல் வேட்டையில் காரீயக் குண்டை அடியோடு தடை செய்தது. வேட்டைக்காரர்கள் செம்புக் குண்டுக்கு மாறினார்கள்.

மனிதர்க்கும் இதே ஆபத்து உண்டு. காரீயம் உடலில் கால்சியத்தின் இடத்தில் புகுந்து எலும்பில் தங்கிவிடும். குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். இவ்வளவு இருந்தால் பாதகமில்லை என்று சொல்லத்தக்க அளவே இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். குண்டு வார்ப்பவர்களுக்குப் பெரிய ஆபத்து புகையைவிடத் தூசியால்தான். உருகிய காரீயத்தின் மேல் படியும் சாம்பல் நிற ஆடை நொறுங்கிக் கையிலும் ஆடையிலும் ஒட்டிக்கொண்டு, வீட்டுக் குழந்தைகள் வரை போய்ச் சேரும். ஆகவே அறிந்தவர்கள் காற்றோட்டமான இடத்தில் வேலை செய்வார்கள். அங்கே உண்ண மாட்டார்கள். கையைச் சோப்பிட்டுக் கழுவி, உடை மாற்றிய பின்பே வீட்டுக்குள் நுழைவார்கள். சுட்ட குண்டுகளையும் மணல் மேட்டிலிருந்து திரும்ப எடுத்து உருக்கிக்கொள்வார்கள்.

மின்கலத் தொழிற்சாலைகளிலும், பழைய பாட்டரிகளை உடைத்துக் காரீயம் எடுக்கும் பட்டறைகளிலும் வேலை செய்வோருக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும். உங்கள் ஊரில் அப்படியொரு பட்டறை இருந்தால், அங்கே சிறுவர்கள் விளையாடுகிறார்களா என்று கவனியுங்கள். விளையாடினால் பெரியவர்களிடம் எடுத்துச் சொல்லுங்கள். திருகு அளவியைக் கையில் எடுக்கத் தெரிந்த உங்களுக்கு, 0.01 மி.மீ. எத்தனை பெரியது என்பது இப்போது தெரியும். கண்ணுக்குத் தெரியாத காரீயத் தூசியும் அப்படியே.